பானையைக் கிளறாமல் பதம் பார்ப்பதா?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். உண்மைதான். ஆனால் நன்றாகக் கிளறி ஒரே சீராக வெந்த பானைக்குத்தான் அது பொருந்தும். மேலே குழைந்து அடியில் அரிசியாகக் கிடக்கும் பானையில், மேற்சோற்றை மட்டும் நசுக்கிப் பார்த்து இறக்கிவிட்டால் யார் வயிறு வலிக்கும்?

தோழர்களே, நமது பஞ்சப்படி இந்தப் பதம் பார்க்கும் வேலையைத்தான் நம்பி நிற்கிறது. மத்திய சர்க்காரின் லேபர் பீரோ 2016-17ல் 88 தொழில் மையங்களில் 48,384 குடும்பங்களிடம் வரவு செலவு விசாரித்தது. அந்தக் கணக்கின் மேல்தான் இன்றைய விலைவாசிக் குறியீடு நிற்கிறது. குறியீடு ஏறினால் பஞ்சப்படி ஏறும். குறியீடு தூங்கினால் அதுவும் தூங்கும்.

கோடிக்கணக்கான பேருக்கு 48 ஆயிரம் குடும்பம் போதுமா என்று சிலர் கேட்கிறார்கள். சரியாகப் பொறுக்கினால் போதும். எண்ணிக்கை பெருத்திருப்பது மட்டும் கணக்கைக் காப்பாற்றாது. 1936ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று, சுமார் 24 லட்சம் பேரின் பதிலை வைத்து, ஜனாதிபதித் தேர்தலில் ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. அவர் அமோகமாக ஜெயித்தார். காரணம் என்ன? பத்திரிகை பெயர் பொறுக்கியது டெலிபோன், கார் வைத்திருந்தவர்களின் பட்டியல்களில். ஏழையின் ஓட்டு கணக்கில் ஏறவில்லை.

நம் ஊருக்கு வருவோம். அந்த 2016-17 விசாரணை ஏழு துறைகளின் தொழிலாளரைத்தான் எடுத்துக்கொண்டது. ஆலை என்றால் பதிவான ஆலை. மின்விசையோடு 10 பேருக்குக் குறைவாக வேலை செய்த அம்பத்தூர் லேத் பட்டறைகள் அன்றைய சட்டப்படி அதில் சேரவில்லை. கட்டட வேலைக்காரரும், பூந்தமல்லிப் பக்கத்து வயல் கூலிகளும் அதில் இல்லை. உணவின் பங்கு முந்தைய 46.2 சதவிகிதத்திலிருந்து 39.17 ஆகக் குறைந்தது என்று கணக்கு வந்தது. ஆவடி டாங்கித் தொழிற்சாலையின் நிரந்தரத் தொழிலாளி வீட்டிலும், தகரக் கொட்டகையில் தங்கும் காண்டிராக்ட் தொழிலாளி வீட்டிலும் அரிசிச் செலவு ஒரே பங்கா?

விவசாயக் கூலிகளுக்குத் தனிக் குறியீடு உண்டு. 600 கிராமங்களின் விலையை வைத்து, 1986-87ஐ அடிப்படையாகக் கொண்ட அந்தக் குறியீடு 2025 வரை இழுத்தடிக்கப்பட்டது. செல்போன் காலத்துக் குடும்பத்தை மண்ணெண்ணெய் விளக்குக் காலத்துக் கூடையால் அளந்தார்கள்!

கேட்டால் பலன் உண்டு. 1963ல் மும்பைத் தொழிலாளர்கள் குறியீட்டு மோசடியை எதிர்த்துக் கிளம்பினார்கள். ஆகஸ்டில் நகரமே நின்றது. மகாராஷ்டிர சர்க்கார் நியமித்த லக்டவாலா கமிட்டி, குறியீடு விலையேற்றத்தைக் குறைத்துக் காட்டியதை ஒப்புக்கொண்டது.

ஆகவே ஒவ்வொரு சங்கமும் கேட்க வேண்டும்: யாரை விசாரித்தீர்கள்? யாரை விட்டீர்கள்? எந்தக் கடை விலை? எந்த ஆண்டுக் கூடை? அத்தோடு நாமும் கணக்கு எடுப்போம். நமக்குத் தோதான வீடுகளாகப் பார்த்து நுழைந்தால் அதுவும் மேற்சோறுதான். தெருவின் எல்லா வீட்டையும் வரிசைப்படுத்தி, பத்துக்கு ஒன்றாக எடுத்து, நிரந்தரம், காண்டிராக்ட், வெளிமாநிலத்தார் என்று பார்க்காமல் எழுதுவோம். அப்படிப்பட்ட நூறு வீட்டுக் கணக்கை மேஜைமேல் வைத்தால், எந்த அதிகாரியும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.