மறுசுழற்சிப் பொருள்: சான்று சொல்வது யார்?

புது தில்லி: 2023 பிப்ரவரி 8-ம் தேதி பிரதமர் நரேந்திர மோடி நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த இளநீல மேலங்கி, பயன்படுத்தி வீசப்பட்ட பிளாஸ்டிக் பாட்டில்களிலிருந்து உருவானது. அதற்கான துணி கரூரிலிருந்து சென்றது. மேலங்கியைப் பரிசளித்த இந்தியன் ஆயில் நிறுவனம், இதே முறையில் தயாராகும் ஊழியர் சீருடை ஒன்றுக்குச் சுமார் 28 பாட்டில்கள் பயன்படும் என்று அறிவித்தது.

பிரதமரின் மேலங்கி எதனால் ஆனது என்பது நாடறிந்த செய்தி. ஆனால், 'மறுசுழற்சி செய்யப்பட்டது' என்ற வாசகத்தை நம்பிச் சட்டையோ பையோ வாங்கும் சாதாரண நுகர்வோருக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை.

இந்த ஐயத்துக்குக் காரணம் உண்டு. 2022-ல் வெளியான மத்திய அரசின் நெறிமுறைகளின்படி, சந்தைக்கு அனுப்பும் பிளாஸ்டிக் உறைகளுக்கு ஈடாக மறுசுழற்சி நடந்ததற்கான சான்றிதழை நிறுவனங்கள் கணக்கில் காட்ட வேண்டும். மறுசுழற்சி ஆலைகள் அச்சான்றிதழை விற்கலாம். மறு ஆண்டே, குஜராத், மகாராஷ்டிரம், கர்நாடகத்தைச் சேர்ந்த சில ஆலைகள் சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்களை உருவாக்கியிருந்ததை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தணிக்கை வெளிப்படுத்தியது. கணக்கில் மறுசுழற்சியான பிளாஸ்டிக், குப்பையாகவே கிடந்தது.

நம்பகமான முத்திரை ஒன்று இல்லாமலும் இல்லை. சூழலுக்கு உகந்த பொருள்களுக்கான 'ஈகோமார்க்', மண்பானைச் சின்னத்துடன் 1991-லேயே அறிமுகமானது. தொழில் நிறுவனங்கள் அதில் ஆர்வம் காட்டவில்லை. 2024 செப்டம்பரில் அதற்குப் புதிய விதிகள் வெளியிடப்பட்டன. ஆனாலும், முத்திரை பெறுவது நிறுவனங்களின் விருப்பத்துக்கே விடப்பட்டது.

2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், பசுமை விளம்பரங்களுக்கு ஆதாரம் கோருகின்றன. இது வரவேற்கத்தக்கதே. எனினும், பொய் விளம்பரத்தைத் தண்டிப்பது வேறு. வாங்கும்போதே உண்மையைக் காட்டுவது வேறு.

இதற்கு முன்னுதாரணம் மின்சாதனங்களுக்கான நட்சத்திரக் குறியீடு. 2006-ல் நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடப்பட்ட இத்திட்டம், 2010 ஜனவரியில் குளிர்பதனப் பெட்டி உள்ளிட்ட சிலவற்றுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. இன்று நட்சத்திரத்தை எண்ணிப் பார்க்காமல் அவற்றை வாங்குவோர் குறைவு.

மறுசுழற்சிப் பொருள்களிலும் பழைய பொருளின் பங்கு எத்தனை சதவீதம் என்பதை அச்சிடுவதும், சுதந்திரமான தணிக்கையும் கட்டாயமாக வேண்டும். இல்லாவிடில், நேர்மையாக மறுசுழற்சி செய்யும் கரூர் போன்ற ஊர்களின் தொழில்முனைவோர், போலிச் சான்றிதழுடன் போட்டியிட்டுத் தோற்பார்கள்.