முதல் நிமிடம்

1964இல் அமெரிக்காவில் ஒரு பயிற்சிப் படம் எடுத்தார்கள். குளோரியா என்ற பெண் மூன்று உளவியல் சிகிச்சையாளர்களுடன் தனித்தனியே பேசுவார். முதலாமவர் கார்ல் ரோஜர்ஸ். தன் பெயரைச் சொல்லி, நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்கிறார். நமக்கு அரை மணி நேரம் இருக்கிறது, அதற்குள் எவ்வளவு முடியுமோ தெரியாது, ஆனாலும் ஏதாவது முடியும் என்று நம்புகிறேன், உங்கள் மனதை அரிப்பது எதுவானாலும் சொல்லலாம் என்கிறார். வரவேற்பு அவ்வளவுதான். குளோரியா தனக்குப் பதற்றமாக இருப்பதாகச் சொல்கிறார். உங்கள் தணிந்த குரல் அதைக் குறைக்கிறது என்றும் சொல்கிறார். அடுத்த சில நிமிடங்களில், மகளிடம் சொன்ன பொய் வெளியே வந்துவிடுகிறது.

ரோஜர்ஸ் ‘எப்படி இருக்கீங்க?’ என்று கேட்கவில்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. அந்தக் கேள்விக்கு எல்லோரிடமும் ‘நல்லா இருக்கேன்’ என்ற பதில் தயாராக இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டால், பிறகு தானே அதை மறுத்துத்தான் அழ வேண்டும். பல இரவு தூங்காமல் வந்தவருக்கு அது வீண் சுமை.

அறிவாற்றல் சிகிச்சையை உருவாக்கிய ஆரன் பெக்கின் வழியில் வந்தவர்கள் மனநிலையைக் கேட்டுத்தான் தொடங்குவார்கள். ஆனால் அது உபசாரம் இல்லை. போன முறைக்குப் பிறகு மனம் எப்படி இருந்தது, இன்று எதைப் பேசலாம் என்ற வேலைக் கேள்வி. தீர்வை மையமாகக் கொண்ட சிகிச்சையின் ஸ்டீவ் டி ஷேசர் வழியினர் இரண்டாம் சந்திப்பிலிருந்து ‘என்ன தேறியிருக்கிறது?’ என்று கேட்பார்கள். மோசமான வாரத்தைக் கடந்து வந்தவரிடம் இது சற்று அவசரமாகவே எனக்குப் படுகிறது.

வியன்னாவில் ஃப்ராய்ட் வந்தவர்களின் கையைக் குலுக்குவார். சோபாவில் படுப்பதற்கு முன்னும் எழுந்த பின்னும் நோயாளி சும்மா பேசுவதுபோல் சொல்வதையும் விட்டுவிடக் கூடாது என்று 1913இல் எழுதினார். வாசலில் சொன்னதும் சிகிச்சையில் சேர்த்திதான். அவருக்குப் பின் வந்த சிலர் வெறும் தலையசைப்போடு நிறுத்திக்கொண்டார்கள். வருடக்கணக்காக வருபவருக்கு அந்த மௌனம் பழகியிருக்கலாம். முதல் முறை வருபவருக்கு அது பாதி சாத்திய கதவு.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. பலர் தனியாக வருவதில்லை. பதினேழு வயதுப் பையனை அம்மா அழைத்து வருவார். ‘உட்காருப்பா’ என்று சொல்வதற்குள் அம்மா பேசத் தொடங்கியிருப்பார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் முகத்தைப் பார்த்து, முதலில் அவனுக்கு வணக்கம் சொல்லி, அவன் பெயரை அவனிடமே கேட்கும் ஆலோசகர்தான் எனக்கு வேண்டும். அவன் சொல்வதில் எது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து என்றால் எது போகும் என்பதை இருவர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு, பிறகு அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லட்டும்.