குடித்தவரின் மறதிக்கும் வைத்தியம் உண்டு



"குடிச்சுக் குடிச்சு மூளை காய்ஞ்சு போச்சு" என்று லயத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டால், பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. பிரட்டில் சொன்ன வேலையை மலைக்குப் போவதற்குள் மறந்துவிட்டான் என்று கங்காணி ஏசுகிறார். கணக்கப்பிள்ளை அரைப்பேர் போடுகிறார். வீட்டில் சண்டை. செங்கலடியிலிருந்து பதுளைக்கு ஏறும் வீதியில், கீழே தென்னந்தோட்டத்திலும் மேலே தேயிலைத் தோட்டத்திலும் கதை ஒன்றுதான். அந்த மறதியில் ஒரு பகுதியை வைத்தியத்தால் தடுக்கலாம். அதைக் கேட்டுப் பெறுவது தொழிற்சங்கத்தின் வேலை என்பது என் கருத்து.

மூளைக்கு வரும் கேடு பல வேளைகளில் வயிற்றில் தொடங்குகிறது. மூளை சீனியைச் சக்தியாக மாற்றுவதற்குத் தயமின் என்ற விற்றமின் பி1 வேண்டும். உடம்பு அதைச் சில வாரங்களுக்கு மேல் சேமித்து வைக்காது. மதுசாரம் குடல் அதை உறிஞ்சுவதைக் கெடுக்கிறது. குடிப்பவர் சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. சாப்பிட்டாலும் தீட்டிய வெள்ளை அரிசியும் கோதுமை மா ரொட்டியும்தான். புழுங்கலரிசியிலும் பயறு, கௌப்பியிலும் இந்தச் சத்து கூடுதலாக உண்டு.

தயமின் தீர்ந்தால் நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகும், புத்தி தடுமாறும். இதை 1881இல் வெர்னிக்கே என்ற ஜெர்மன் வைத்தியர் எழுதி வைத்தார். தள்ளாட்டத்தைப் பார்த்து "வெறி முறியட்டும்" என்று படுக்க விடுகிறோம். அங்கேதான் ஆளை இழக்கிறோம். உரிய நேரத்தில் தயமின் ஊசி போட்டால் காப்பாற்றலாம். பிந்தினால் புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாத நிலை நிரந்தரமாகிவிடும். குடல் பழுதாயிருப்பதால் அந்த நேரத்தில் குளிசை மட்டும் போதாது. குளுக்கோஸ் சேலைன் ஏற்றுவதென்றால் தயமினும் உடனே கொடுக்கப்பட வேண்டும். ஆகவே, "இவர் நாளாந்தம் குடிப்பவர்" என்று வைத்தியரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

இரண்டாவது வழி ஈரல். குடலில் உள்ள கிருமிகள் அமோனியா உண்டாக்குகின்றன. நல்ல ஈரல் அதைச் சுத்தம் செய்யும். குடியால் சுருங்கிய ஈரலால் முடியாது, விஷம் மூளைக்குப் போகிறது. பகலில் தூங்குவார், இரவில் விழித்திருப்பார், நீட்டிய கை படபடக்கும், பேச்சு குழறும். பேய் பிடித்தது என்று நூல் கட்டுவோரும் உண்டு. இதற்கு லக்டுலோஸ் என்ற இனிப்புப் பாணி மருந்து பல காலமாக இருக்கிறது. நாளைக்கு இரண்டு மூன்று தரம் இளக்கமாக மலம் போக வைத்து, அமோனியாவை வெளியேற்றுகிறது. வயிற்றுக்குக் கொடுக்கும் மருந்தால் புத்தி தெளிகிறது.

இதையும் தாண்டி ஆராய்ச்சி போகிறது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில், ஈரல் பழுதான, குடியை விட முடியாத 20 பேரை வைத்துச் செய்த பரிசோதனை 2021இல் வெளியானது. பாதிப் பேருக்கு ஆரோக்கியமானவரின் மலத்திலிருந்து எடுத்த நல்ல கிருமிகளைக் குடலுக்குள் செலுத்தினார்கள். 15ஆம் நாளில் பத்தில் ஒன்பது பேருக்குக் குடி ஆசை குறைந்தது. மற்றப் பாதியில் மூன்று பேருக்குத்தான் குறைந்தது. சிகிச்சை பெற்றவர்களின் சிந்தனைத் திறனும் கூடியது. நல்ல செய்திதான். ஆனால் 20 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. இந்த முறையில் நோய்க்கிருமி பரவி ஒருவர் இறந்ததாக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2019இல் எச்சரித்ததும் உண்டு. எனவே "குடலைச் சுத்தமாக்கி மூளையைத் தெளியவைக்கும்" என்று யாராவது தூள் விற்க வந்தால், சம்பளக் காசைக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. வருடக்கணக்காக நாளாந்தம் குடித்தவரை வீட்டில் பூட்டிவைத்து ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். வலிப்பு வரும், உயிரும் போகலாம். வைத்தியர் பார்வையில் நிறுத்த வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்து வழி கேட்கலாம்.

கல்குடாவில் எத்தனோல் தொழிற்சாலை வேண்டாமென்று 2017இல் மட்டக்களப்பு மக்கள் குரல் கொடுத்தார்கள். சாராயம் வரும் வழியை மறிக்கும் அந்தப் போராட்டம் தொடர வேண்டும். அதோடு, ஏற்கனவே விழுந்தவரைத் தூக்கிவிடவும் கோரிக்கை வைப்போம்:

தோட்ட வைத்தியசாலை ஒவ்வொன்றிலும் தயமின் ஊசியும் குளிசையும் இருக்க வேண்டும். மறதியென்று ஒருவரின் பேரை வெட்டுமுன் அவரை வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். சிகிச்சை நாட்களுக்காக வேலை பறிபோகக் கூடாது.

இவை பெரிய செலவில்லாத கோரிக்கைகள். அடுத்த கிளைக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.