பிரிண்ட் அவுட்டை நம்பி அட்வான்ஸ் தராதீர்கள்

சென்ற ஆண்டு அப்பா ஒரு வீடு பார்த்தார். தரகர் கொடுத்த வில்லங்கச் சான்று பிரிண்ட்டில் எந்த அடமானமும் இல்லை. "கம்ப்யூட்டரில் எடுத்ததுதானே" என்று அட்வான்ஸ் தரத் தயாராகிவிட்டார். சாப்ட்வேர் துறையில் இருக்கும் எனக்குச் சந்தேகம். பிரிண்ட் எடுக்கும் முன் எதையும் மாற்றிவிடலாமே! பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் இணையதளத்தில் நானே தேடினேன். வங்கி அடமானம் ஒன்று தீராமல் இருந்தது. அட்வான்ஸ் தப்பியது.

என் கருத்து இதுதான்: விற்பவர் தரும் தாள் ஆதாரம் அல்ல, நீங்களே தேடி எடுப்பதுதான் ஆதாரம். வில்லங்க விவரத்தை இத்தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். சர்வே எண்ணுடன் உட்பிரிவு எண்ணையும் சரியாகக் கொடுங்கள். பட்டா யார் பெயரில் உள்ளது என்பதையும் அரசின் நில ஆவணத் தளத்தில் பாருங்கள். புதிய அடுக்குமாடி வீடு என்றால், 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கக் கூடாது.

கம்ப்யூட்டர் காட்டாததும் உண்டு. பதிவாகாத உயிலும் ஒப்பந்தமும் வில்லங்கச் சான்றில் வராது. எனவே அசல் பத்திரங்களை வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே பணம் கொடுங்கள். பாட்டுக் கேட்க மட்டுமா கம்ப்யூட்டர் வாங்கினோம்?