பாராகிளைடிங்: பாய் வாங்கும் அளவுக்காவது விசாரிக்கலாமே!

பத்தமடைக்குக் கல்யாணப் பாய் வாங்க வருகிறவர்களைக் கொஞ்ச நேரம் கவனித்தால் ஒன்று புரியும். முதல் கடையிலேயே வாங்கிவிட்டுப் போக மாட்டார்கள். நாலு வீடு ஏறி இறங்குவார்கள். பாயை விரலால் தடவிப் பார்ப்பார்கள், சுருட்டிப் பார்ப்பார்கள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இடைவெளி தெரிகிறதா என்று பார்ப்பார்கள். சாயம் போகுமா? கையால் நெய்ததா, மெஷினில் ஓட்டியதா? மாப்பிள்ளை பெண் பெயர் எழுத்துப் பிழை இல்லாமல் வருமா? கேள்வி மேல் கேள்வி. தரையில் விரிக்கப் போகிற பாய்க்கு இத்தனை விசாரணை!

அதே வீட்டுப் பையன் காலேஜ் டூர் என்று மணாலிக்குப் போகிறான். ரோட்டோரத்தில் ஒருவர் "பாராகிளைடிங், பாராகிளைடிங்" என்று கூப்பிடுகிறார். பையன் இருநூறு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறான். ஜீப்பில் ஏறி மலை உச்சிக்குப் போய், பெயர்கூடத் தெரியாத ஒருவரோடு தன்னைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு சரிவில் ஓடிக் குதித்துவிடுகிறான். அவன் கேட்ட ஒரே கேள்வி: "அண்ணே, வீடியோ எடுத்துத் தருவீங்களா?"

எங்கே போய்ப் பறப்பது என்பதை இன்றைக்குப் போட்டோக்கள்தான் முடிவு செய்கின்றன. பனிமலை பின்னால் தெரிந்தால் நல்ல இடம், நீலக் கடல் தெரிந்தால் அதைவிட நல்ல இடம், வெளிநாடு என்றால் எல்லாவற்றையும்விட நல்ல இடம்! இது தப்பான கணக்கு. காற்று, மாதம், பைலட். இந்த மூன்றையும் பார்த்துத்தான் இடத்தை முடிவு செய்ய வேண்டும். காட்சி நாலாவதாக வரட்டும்.

முதலில் இது என்ன விளையாட்டு?

1978ல் பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் மியூசி என்ற ஊரில், விமானத்திலிருந்து குதிக்கும் பாராசூட் வீரர்கள் சிலர் மலைச்சரிவில் ஓடியே பறந்து பார்த்தார்கள். அங்கிருந்துதான் இந்த விளையாட்டு ஊர் ஊராகப் பரவியது. எஞ்சின் கிடையாது. துணியால் ஆன இறக்கை, அதிலிருந்து தொங்கும் கயிறுகள், உட்கார ஒரு ஹார்னஸ். முன்பக்கத் திறப்புகள் வழியாகக் காற்று உள்ளே புகுந்து துணியை உப்ப வைத்து இறக்கையாக்குகிறது. படகோ ஜீப்போ கயிறு கட்டி இழுத்தால் அது பாராசெய்லிங். முதுகில் மோட்டார் இருந்தால் அது பாராமோட்டார். கடற்கரையில் இவற்றில் ஒன்றில் ஏறிவிட்டு "பாராகிளைடிங் போனேன்" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர்!

காற்று மலையில் மோதி மேலே ஏறினால் பாராகிளைடரும் அதோடு ஏறும். வெயிலில் சூடான தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் காற்றைப் பிடித்தும் ஏறலாம். இரண்டும் இல்லையென்றால் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். ஆக, மலை இருப்பது மட்டும் போதாது. காற்று எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

"ஏல, நம்ம ஊர்ல இல்லாத காத்தா?"

திருநெல்வேலிப் பையன்கள் கூடினால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். "ஏல, கயத்தாறுலயும் ஆரல்வாய்மொழியிலயும் இத்தன காத்தாடி சுத்துது, மேக்க பாத்தா மலை நிக்கி, பெறவு எதுக்குல இமாச்சலம் போணும்?" நியாயமான கேள்விதான். பதிலைத் தெரிந்துகொண்டால் பாராகிளைடிங்கில் பாதி தெரிந்த மாதிரி.

காற்றாலை முழு மின்சாரம் கொடுக்க நொடிக்குச் சுமார் 12 மீட்டர் வேகத்தில் காற்று வேண்டும். மணிக்கணக்கில் சொன்னால் 43 கிலோமீட்டர். சாதாரண பாராகிளைடரின் வேகமே மணிக்கு 35லிருந்து 40 கிலோமீட்டர்தான். காற்றாலை ஜோராகச் சுற்றும் நாளில் எதிர்க்காற்றில் பறக்க முயன்றால் பாராகிளைடர் பின்னால் போகும்! ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. அம்மி பறக்கட்டும், அன்றைக்கு பாராகிளைடர் தரையில்தான் இருக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் ஏறி, பொதிகையைத் தாண்டி, இந்தப் பக்கம் இறங்குகிறது. பாபநாசத்தில் குளித்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஓடும் தண்ணீர் நடுவே பாறை இருந்தால், பாறைக்குப் பின்னால் சுழி இருக்கும். மலை தாண்டி வரும் காற்றிலும் அப்படியே சுழி உண்டு. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். அதில் மாட்டினால் துணி இறக்கை மடங்கிப் போகும். பாராகிளைடிங் தெரிந்தவர்கள் காற்றுக்கு மறைவான பக்கத்தில் பறக்கவே மாட்டார்கள். ஆனி, ஆடி மாதங்களில் பத்தமடையும் அம்பாசமுத்திரமும் இருப்பது அந்த மறைவுப் பக்கத்தில்தான்.

மார்கழி, தை மாதங்களில் காற்று கிழக்கிலிருந்து திரும்புமே என்று கேட்கலாம். திரும்பும். ஆனால் அந்த மலை 1988 முதல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். நினைத்த இடத்தில் ஏறிக் குதிக்க வழியில்லை. கீழே அடர்ந்த காடு, இறங்கவும் இடமில்லை. அந்தக் காடு இருப்பதால்தான் தாமிரபரணி ஓடுகிறது, கோரை விளைகிறது, பாய் நெய்கிறார்கள். பொதிகையைப் பறக்கும் தளமாக்கச் சொல்லி யாரும் கேட்காமல் இருப்பதே நல்லது.

பக்கத்தில் எங்கே?

அதே மலைத்தொடரின் மேற்குப் பக்கம் போனால் கதை மாறுகிறது. இடுக்கி மாவட்டத்து வாகமண்ணில் புல்வெளி மேடுகள் நிறைய. கடலிலிருந்து வரும் காற்று நேராக வந்து மோதும். மழை ஓய்ந்த பிறகு, கோடை மழை தொடங்குவதற்கு முன்பு, அதாவது டிசம்பரிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். 2024 மார்ச்சில் அங்கே சர்வதேச பாராகிளைடிங் விழாவே நடந்தது. போவதும் பெரிய விஷயமில்லை. பாலருவி எக்ஸ்பிரஸ் தென்காசி, செங்கோட்டை, புனலூர், கொல்லம் வழியாகக் கோட்டயம் போகிறது. அங்கிருந்து பஸ். ஒரு சனி, ஞாயிறு போதும்.

வர்க்கலாவில் கடலை ஒட்டிய செங்குத்துப் பாறை மேல் பறக்கிறார்கள். கடற்காற்று சீராக இருக்கும்போது அருமையான இடம். ஆனால் அதற்காக ஏமாந்துவிடக் கூடாது. அங்குள்ள கடற்கரைக்கும் பாபநாசம் என்றுதான் பெயர். 2023 மார்ச்சில் கோயம்புத்தூர்ப் பெண் ஒருவரும் அவரோடு பறந்த பைலட்டும் அந்தக் கடற்கரையில் இருந்த உயரமான விளக்குக் கம்பத்தின் உச்சியில் சிக்கித் தொங்கினார்கள். கீழே வலை விரித்துக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. மென்மையான காற்று வீசும் இடத்திலும் இறங்கும் இடம் நெருக்கடியாக இருந்தால் ஆபத்துதான். தமிழ்நாட்டுக்குள் என்றால் ஏலகிரியின் பெயர்தான் முதலில் வரும். ஆனால் ஆண்டு முழுவதும் அங்கே பறக்கிறார்கள் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம், முன்பே கேட்டுக்கொண்டு போவது நல்லது.

வடக்கே போனால்

இந்தியாவில் பாராகிளைடிங் என்றாலே இமாச்சலத்தின் பீர் பில்லிங். சுமார் 2400 மீட்டர் உயரத்தில் பில்லிங்கில் கிளம்பி, கீழே பீர் கிராமத்தில் இறங்குகிறார்கள். 2015ல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி அங்கே நடந்தது. 2024ல் மறுபடி நடந்தது. அக்டோபர், நவம்பர் சிறந்த மாதங்கள். ஜூலை 15லிருந்து செப்டம்பர் 15 வரை மழைக்காலம் என்பதால் இமாச்சலத்தில் பறக்கவே தடை. அந்த நாட்களில் "நான் ரகசியமாக் கூட்டிட்டுப் போறேன்" என்று யாராவது சொன்னால், அவரிடமிருந்து எவ்வளவு தூரம் ஓட முடியுமோ அவ்வளவு தூரம் ஓட வேண்டும்.

நல்ல மாதத்திலும் ஒரு சிக்கல் உண்டு. கூட்டம்! 2024 அக்டோபரில், உலகக் கோப்பைக்குச் சில நாள் முன்பு, பீர் பில்லிங்கில் இரண்டு பாராகிளைடர்கள் நடுவானில் மோதி பெல்ஜியம் நாட்டவர் ஒருவர் இறந்தார்.

ஒரு தடவை பறந்து ஆசை விடவில்லை, தானே ஓட்டக் கற்க வேண்டும் என்கிறவர்களுக்கு மும்பைக்கும் புனேவுக்கும் நடுவில் காம்ஷேத் இருக்கிறது. சிறிய மலைகள், திறந்த வெளி, அக்டோபரிலிருந்து மே வரை வகுப்புகள். போட்டோ எடுக்க இமயமலை இல்லை. கற்க அதுதான் வசதி.

வெளிநாட்டு ஆசை

வெளிநாடு என்றால் முதலில் நேபாளத்து பொக்கரா. சாரங்கோட் மலையிலிருந்து கிளம்பி பேவா ஏரிக்கரையில் இறங்கலாம். இந்தியருக்கு விசா வேண்டாம், பாஸ்போர்ட் இல்லாவிட்டாலும் வாக்காளர் அட்டை போதும். மழை ஓய்ந்த அக்டோபர், நவம்பர் நல்ல நேரம்.

துருக்கியின் ஒலுதெனிஸில் 1969 மீட்டர் உயர பாபாதாக் மலை கடலை ஒட்டியே எழுகிறது. மலையில் கிளம்பி மணலில் இறங்கலாம். சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன், பிரான்சின் அன்னெசி எல்லாம் கேட்டாலே ஏக்கம் வரும் பெயர்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பயணியாகப் பறப்பது எங்கே போனாலும் பெரும்பாலும் இருபது, முப்பது நிமிஷம். அதற்காக மட்டும் விமான டிக்கெட், விசா, ஓட்டல் என்று லட்சக்கணக்கில் செலவழிப்பது மாணவர்களுக்கு நியாயமில்லை. படிக்கவோ வேலைக்கோ போன இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் பறக்கலாம். சுவிஸில் சித்தப்பா வீடு இருந்தால் தாராளமாகப் பறக்கலாம் :-)

வெளிநாட்டில் விதிகள் கடுமை, அதனால் பயமில்லை என்பது ஒரு வாதம். பாதிதான் உண்மை. 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனில்லாவில் போட்டிக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த எவா விஸ்னியர்ஸ்கா என்ற ஜெர்மானிய வீராங்கனையை இடிமேகம் ஒன்று உள்ளே இழுத்தது. 9946 மீட்டர் உயரத்துக்குப் போய், மயங்கி, உடம்பெல்லாம் பனி உறைந்து, எப்படியோ உயிரோடு இறங்கினார். அதே மேகத்தில் சிக்கிய சீன வீரர் இறந்துபோனார். இடிமேகத்துக்கு எந்த நாட்டு விதியும் தெரியாது.

மறக்கக் கூடாத இரண்டு சம்பவங்கள்

2019 நவம்பரில் தேனிலவுக்கு மணாலி போயிருந்த சென்னை இளைஞர் ஒருவர் குலு அருகே டோபியில் பறந்தபோது பெல்ட் கழன்று விழுந்து இறந்தார். 2024 பிப்ரவரியில் அதே டோபியில் தெலங்கானாவிலிருந்து சுற்றுலா வந்த பெண் ஒருவர் விழுந்து இறந்தார். ஹார்னஸ் சரியாகக் கட்டப்படவில்லை என்று சொல்லி பைலட்டைப் போலீஸ் கைது செய்தது.

இரண்டிலும் சூறாவளி இல்லை, இடிமேகம் இல்லை. ஒரு பட்டை. காலில் ஒன்று, மார்பில் ஒன்று என்று கையால் இழுத்துப் பார்க்க அரை நிமிஷம் ஆகாத ஒரு பட்டை!

"பஸ்ஸில் போனாலும்தான் விபத்து நடக்கிறது" என்று சிலர் சொல்வார்கள். சரிதான். ஆனால் லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டுகிற பஸ்ஸில், பிரேக் இருக்கிறதா என்று தெரியாமல், புயல் நாளில் யாரும் தெரிந்தே ஏறுவதில்லையே?

ஆகவே பறக்கப் போகிறவர்கள் கேட்க வேண்டியவை இவ்வளவுதான். இந்த மாதம் இங்கே பறக்கிற மாதமா? பைலட்டுக்கு ஆள் ஏற்றிப் பறக்கும் லைசென்ஸ் இருக்கிறதா, கண்ணால் பார்க்கலாமா? அவசர பாராசூட் இருக்கிறதா? ஹெல்மெட் தலைக்குப் பொருந்துகிறதா? பட்டைகள் எல்லாம் பூட்டியாகிவிட்டதா? காற்று அதிகமானால் பணத்தைத் திருப்பித் தருவீர்களா? கடைசிக் கேள்விதான் முக்கியம். பணத்தைத் திருப்பித் தர மனமில்லாதவர்தான் மோசமான காற்றிலும் கிளம்புவார். பயணக் காப்பீட்டையும் படித்துப் பார்க்க வேண்டும். பல பாலிசிகளில் சாகச விளையாட்டுக்கு இடம் கிடையாது.

இதையெல்லாம் அரசாங்கம் பார்க்க வேண்டாமா என்றால், பார்க்கத்தான் வேண்டும். இமாச்சலத்தில் அதற்கென்று தனி விதிகளே இருக்கின்றன. இருந்தும் மேலே சொன்ன இரண்டு சாவுகள் நடந்தன. மலை உச்சியில் அந்த நிமிஷத்தில் நிற்பது அதிகாரி இல்லை, பறக்கப் போகிறவர்தான்.

முதல் தடவைக்கு வாகமண், ஜனவரியிலோ பிப்ரவரியிலோ. பிடித்திருந்தால் அடுத்த அக்டோபரில் பீர். இன்னும் ஆசை இருந்தால் காம்ஷேத்தில் கற்றுக்கொள்ளலாம். கற்றவருக்குத் துருக்கியும் ஆல்ப்ஸும் எங்கும் ஓடிப்போகாது. போன இடத்தில் காற்று சரியில்லையென்றால் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடலாம். அதில் ஒரு வெட்கமும் இல்லை.

பாய் பிடிக்கவில்லையென்றால் வெறும் கையோடு பஸ் ஏறுகிறவர்களைப் பத்தமடையில் யாரும் கேலி செய்வதில்லை. விவரமான ஆள் என்றுதான் சொல்வார்கள்.