கித்மத் முறை

பாஸ்போட் எடுத்த பிள்ளையிடம் எங்கள் ஓட்டமாவடி கேட்கிற முதல் கேள்வி, "கட்டாரா, சவூதியா?" என் மருமகன், ராத்தாவின் மூத்தவன், "பங்களாதேஷ், ஜமாஅத்துல, நாலு மாசம்" என்கிறான். கேட்டவர்கள் மாஷா அல்லாஹ் சொல்லித் தோளில் தட்டிவிட்டுப் போகிறார்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்க வழியில்லாத பயணம் ஆயிற்றே!

அவன் யாரையும் மதம் மாற்றப் போகவில்லை. வெளியூர் நண்பர்கள் சிலர் இன்னும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 1920களில் டெல்லிக்குத் தெற்கே மேவாத்தில் இல்யாஸ் மௌலானா தொடங்கிய தப்லீக் வேலை, ஏற்கெனவே முஸ்லிமாக இருப்பவனைப் பள்ளிக்குக் கூப்பிடுவது. மூன்று நாள், நாற்பது நாள், நாலு மாதம் என்று போவார்கள். பள்ளியிலேயே தங்கி, அங்கேயே ஆக்கித் தின்று, ஆட்களைக் கூப்பிடத் தெருத்தெருவாகக் கஷ்து போவார்கள். அவரவர் செலவு அவரவருக்கு. இந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கும். பணம் தந்து அனுப்புகிறவன் இல்லையென்றால், போகிறவனுக்கு எசமானும் இல்லை.

ஆனால் அந்தச் செலவு எங்கிருந்து வருகிறது? நம் கிழக்குக் கரையில் வீடு பெண்பிள்ளைக்கு. தங்கச்சிக்கு வீடு முடியும்வரை தன் கலியாணத்தையே தள்ளிப்போடுகிற ஆண்பிள்ளைகள் இங்கே எத்தனையோ பேர். ராத்தா வீட்டில் மகளுக்கான சுவர் எழும்பி, கூரை இல்லாமல் நிற்கிறது. கடையில் நின்று அவன் சேர்த்த காசுக்கு இப்போது கூரைத் தகடும் விமான டிக்கெட்டும் போட்டி. வெளிநாடு அனுப்புமுன் மஷூரா என்ற ஆலோசனையில் பெரியவர்கள் கடன் உண்டா, வீட்டை யார் பார்ப்பது என்றெல்லாம் விசாரிப்பது வழக்கம்தான். "எல்லாம் சரி" என்று அங்கே சொல்வது ஆண்கள். அந்தச் "சரி"யை நாலு மாதம் இழுத்து ஓட்டுவது உம்மாமார். மஷூராவில் அவர்களுக்கு இடமில்லை. இதை நான் பள்ளிவாசலிலும் சொல்லியிருக்கிறேன், சிலருக்குப் பிடிக்கவில்லை.

தப்லீக்கின் தலைமையிடமான டெல்லி நிஸாமுத்தீனுக்குப் போகத்தான் அவனுக்கு ஆசை. 2020 மார்ச்சில் அங்கே கொரோனா பரவியதும், சுற்றுலா விசாவில் வந்து தப்லீக் வேலை செய்ததாக 960 வெளிநாட்டவரை இந்தியா கறுப்புப் பட்டியலில் போட்டது. அதே வருடம் ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு சில வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்துச் செய்தது. வழக்குப் போனாலும் விசாச் சிக்கல் போகவில்லை. அதனால்தான் பங்களாதேஷ். அங்கேயும் அமைதி இல்லை. நிஸாமுத்தீனின் சஅத் மௌலானா பக்கம், எதிர்ப்பக்கம் என்று இயக்கம் பிளந்து, டோங்கி இஜ்திமாவையே தனித்தனியாக நடத்தும் நிலை வந்தது. இதைச் சொன்னால், "நாங்க கிராமத்துப் பள்ளிக்குத்தானே போறம், மாமா" என்கிறான். ஒன்றாக உட்கார்ந்து ஒரே சஹனில் சாப்பிடச் சொல்லிக்கொடுத்தவர்கள் தங்களுக்குள் ஒரே பந்தலில் உட்கார முடியாமல் இருக்கிறார்களே என்ற என் கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

இப்போதைக்கு அவனுடைய பெரிய கவலை கித்மத் முறை. முறை வருகிற அன்று முழு ஜமாஅத்துக்கும் அவன்தான் ஆக்க வேண்டும். இருபத்திரண்டு வயதுவரை தேத்தண்ணிக்குக்கூடச் சட்டி வைக்காத பிள்ளை. ராத்தா பக்கத்தில் நின்று பருப்பு ஆணம் பழக்குகிறாள். முதல் தரம் அடிப்பிடித்தது. அடுத்த தரம் உப்பில்லை. தங்கச்சி சிரித்துக்கொண்டே தின்றாள். எந்தப் பயானும் செய்யாததை இந்தக் குசினி செய்கிறது என்று எனக்கு ஒரு எண்ணம். வீட்டுக்குள் நடக்கிற வேலையை அவன் இப்போதுதான் பார்க்கிறான்.

போன வெள்ளிக்கிழமை ஆணம் வாய்த்துவிட்டது. சந்தோஷத்தில் பயணம் போகத் திகதி கேட்டான். ராத்தா அகப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "கூரையப் போட்டுப்போட்டுப் போங்க, மகன். அல்லாஹ்ட வேலை ஓடிப்போகாது, மழ வந்திரும்." அவன் மறுத்துப் பேசவில்லை. பெருநாளுக்குப் பிறகு போகிற ஜமாஅத்தில் பேர் கொடுத்திருக்கிறான். தகடு விலை கேட்க நாளைக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறான்.