அறுநூறு பேர் சேர்ந்து உடைத்த எண்

மாணவ நண்பர்களே, ஒரு பெருக்கல் கணக்குப் போடுங்கள். 89,681-ஐ 96,079-ஆல் பெருக்கினால் என்ன கிடைக்கும்? ஐந்து நிமிடத்தில் 8,61,64,60,799 என்று விடை கண்டுவிடுவீர்கள்.

இப்போது கணக்கைத் திருப்புவோம். விடையை மட்டும் உங்கள் தோழரிடம் கொடுத்து, எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் இது வரும் என்று கேளுங்கள். பாவம், அவர் விடுமுறை முழுவதும் வகுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்! 1874-இல் ஜெவான்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் இதே எண்ணைத் தம் நூலில் கொடுத்தார். இதன் காரணிகளைத் தம்மைத் தவிர வேறு எவரும் அறியப்போவதில்லை என்றே அவர் கருதினார். இன்று ஒரு சாதாரணக் கணிப்பொறி அவற்றை நொடிப்பொழுதில் சொல்லிவிடும்.

பெருக்குவது எளிது, பிரிப்பது அரிது. இந்த உண்மையை வைத்து 1977-இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் என்ற மூவர் அமெரிக்காவில் ஒரு புதிய மறைமொழிப் பூட்டை உருவாக்கினர். பூட்டுவதற்கான பெரிய எண்ணை எல்லோரும் அறியலாம். திறக்க வேண்டுமானால் அதன் இரு பகாக் காரணிகள் தெரிய வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் மார்ட்டின் கார்ட்னர் இதைப் பற்றி எழுதினார். கூடவே 129 இலக்க எண் ஒன்றும், அதனால் பூட்டிய செய்தி ஒன்றும் அச்சாயின. திறப்பவர்க்குப் பரிசு 100 டாலர். காரணிகளைக் காண 400 கோடி கோடி ஆண்டுகள் ஆகலாம் என்பது அன்று தரப்பட்ட மதிப்பீடு. பிரபஞ்சத்தின் வயதே ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள்தான்!

ஆனால் பதினேழு ஆண்டுகளுக்குள், 1994 ஏப்ரலில், அந்த எண் உடைந்தது. 64 இலக்கத்தில் ஒன்றும் 65 இலக்கத்தில் ஒன்றுமாக இரு பகா எண்கள் வெளிப்பட்டன. மறைந்திருந்த செய்தியோ, எலும்பு தின்னும் கழுகு ஒன்று அருவருப்புப்படுவதாகச் சொல்லும் வேடிக்கைச் சொற்கள்!

இது யாருடைய வெற்றி? மேதைகளின் வெற்றி என்பார் சிலர். இயந்திரங்களின் வெற்றி என்பார் வேறு சிலர். இரண்டும் பாதி உண்மைதான் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்வதற்கு முன் ஒரு சிறு கணக்கு.

1649-இன் காரணிகளைக் காண வேண்டும். 41-இன் வர்க்கம் 1681. அதில் 1649-ஐக் கழித்தால் மீதி 32. 43-இன் வர்க்கம் 1849. அதிலும் 1649-ஐக் கழித்தால் மீதி 200. இந்த 32 ஒரு முழு வர்க்கமா? இல்லை. 200? அதுவும் இல்லை. தனித்தனியே இரண்டாலும் பயனில்லை. ஆனால் இரண்டையும் பெருக்குங்கள்: 6400. அது 80-இன் வர்க்கம்! இனி 41-ஐயும் 43-ஐயும் பெருக்கி 1649-ஐக் கழித்தால் 114. அதில் 80 போக மீதி 34. இந்த 34-க்கும் 1649-க்கும் மீப்பெரு பொது வகுத்தி 17. ஆம், 1649 என்பது 17 பெருக்கல் 97.

129 இலக்க எண்ணை உடைத்த 'இருபடிச் சல்லடை' முறையின் உயிர்நாடி இதுவே. பொமரன்ஸ் என்ற கணித அறிஞர் 1981-இல் இதை வகுத்தார். பெரிய எண்ணுக்கு 32, 200 போன்ற துண்டுகள் இலட்சக்கணக்கில் வேண்டும். ஒருவர் தேடும் துண்டுக்கு மற்றவர் காத்திருக்கத் தேவையில்லை. எனவே அட்கின்ஸ், கிராஃப், லென்ஸ்ட்ரா, லேலண்ட் ஆகிய நால்வர் 1993-இல் இணையத்தின் வழியே உதவி கேட்டனர். இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து சுமார் 600 பேர் முன்வந்தார்கள். சுமார் 1,600 இயந்திரங்கள் ஓய்வு நேரத்தில் உழைத்தன. அவற்றில் இரண்டு, தொலைநகல் இயந்திரங்கள்! எட்டு மாதங்களில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் மின்னஞ்சலில் வந்து குவிந்தன. அவற்றில் எவை எவை சேர்ந்தால் வர்க்கம் வரும் என்பதை ஒரு பெரிய கணிப்பொறி 45 மணி நேரத்தில் கண்டது.

முகம் தெரியாதவர் அனுப்பிய விடையை எப்படி நம்புவது என்று கேட்பீர்கள். நம்பவே வேண்டாம்! தேடுவதுதான் கடினம், வந்த துண்டு சரியா என்று பார்க்க ஒரு சிறு கணக்குப் போதும். அனுப்பியவர் பேராசிரியரா, மாணவரா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. அறிவியலின் கதவு எளியவர்க்கும் திறப்பது இப்படித்தான்.

"இயந்திரத்தை ஓடவிட்டு உறங்கியவர் கணிதம் செய்தவர் ஆவாரா?" என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர் செய்தது உண்மையான உதவி. அந்த 600 பேர் இல்லாமல் அந்த எண் அன்று உடைந்திராது. ஆயினும் மாணவராகிய நீங்கள் அத்துடன் நின்றுவிடக் கூடாது. இத்தகைய கூட்டு முயற்சி எதிலாவது சேர விரும்பினால், கணிப்பொறியின் உரிமையாளரிடம் முதலில் அனுமதி பெறுங்கள். மின்சாரமும் இயந்திரமும் அவருடையவை. அடுத்து, அது என்ன கணக்குச் செய்கிறது என்று கற்றுக்கொள்ளுங்கள். புரியாமல் இரவல் கொடுப்பவர் இயந்திரத்தை மட்டுமே கொடுக்கிறார்.

இதனால் உலகுக்கு என்ன பயன்? பூட்டு உறுதியானது என்று அதைச் செய்தவர் சொன்னால் போதாது. பலர் வெளிப்படையாக உடைக்க முயன்று பார்க்க வேண்டும். 2020-இல் ஓர் ஆய்வுக் குழு 250 இலக்க எண் ஒன்றையும் உடைத்தது. இவ்வகைப் பூட்டுகளுக்கு இன்று 617 இலக்க எண்கள் பரவலாகப் பயன்படுகின்றன. எவ்வளவு பெரிய எண் வேண்டும் என்று நமக்குக் கற்பித்தவர்கள், உடைத்துக் காட்டி உண்மையைச் சொன்னவர்களே.

கடைசியாக, உங்களுக்கு ஒரு வேலை. நண்பர்கள் நால்வர் சேருங்கள். உடைக்க வேண்டிய எண் 2041. ஆளுக்கு ஒன்றாக 46, 47, 49, 51 ஆகியவற்றை எடுத்து, வர்க்கம் கண்டு, 2041-ஐக் கழியுங்கள். நான்கு மீதிகளில் ஒன்றுகூட வர்க்கம் இல்லை. நான்கையும் பெருக்கி வர்க்கமூலம் காணுங்கள். நீங்கள் எடுத்த நான்கு எண்களையும் பெருக்குங்கள். இந்த இரண்டு விடைகளின் வித்தியாசத்துக்கும் 2041-க்கும் மீப்பெரு பொது வகுத்தி என்ன?

விடையை நான் சொல்லப்போவதில்லை. நால்வரில் ஒருவர் தவறினாலும் அது வராது. நால்வரும் சரியாகச் செய்தால், அது வந்தே தீரும்.